கடைசி எழுத்து ஜே

பாறைத் தீவிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் வயர்லெஸ்ஸில் பேசுவார்கள். அங்கே கலங்கரை விளக்கைப் பார்த்துக்கொள்ள இரண்டே பேர். நான்கு மாதத்துக்கு ஒரு தடவை ஆள் மாறும். பேசும்போது ஆளுக்கு ஒரு தடவை, தன் சொந்தக் குரலில், "நலம்" என்று சொல்ல வேண்டும் என்பது விதி. விதி என்று ஒன்று இருந்தால் அதை மீற ஒரு நல்ல மனசும் பக்கத்திலேயே இருக்கும். கரையில் ஆபீசில் உட்கார்ந்து அதைக் கேட்கும் வயர்லெஸ்காரருக்கு நல்ல மனசு. அதனால்தான் பதினொரு நாளாக ஒருவனே "ரெண்டு பேரும் நலம்" என்று சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் மனசு கேட்காமல், மாடியில் பணியாளர் பிரிவில் இருக்கும் டைப்பிஸ்ட்டைக் கூப்பிட்டு அனுப்பினார். தீவில் இருக்கும் இருவரில் ஒருவன் அவள் தம்பி.

"கோவிச்சுக்காதம்மா," என்றார். "உன் தம்பி பேசப் பிடிக்காம இருக்கான் போலன்னு விட்டுட்டேன். இன்னிக்கு அவன்கிட்ட குடுடான்னேன். குடுத்தான். ஒரு நிமிஷம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. வார்த்தையே வரல."

தம்பி சின்ன வயதிலிருந்தே வாய் திறக்காதவன்தான். ஆனால் "நலம்" என்ற ஒரு சொல்லைக்கூட விழுங்குகிறவன் இல்லை. அவளுக்கு அவனை விட்டால் ஆளில்லை, அவனுக்கு அவளை விட்டால் நாதியில்லை. இந்த வேலையை அலைந்து திரிந்து வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். "உனக்குன்னே செஞ்ச வேலைடா. நாலு மாசம் ஒருத்தரும் உன்னைப் பேசு பேசுன்னு தொல்லை பண்ண மாட்டாங்க" என்று சொல்லித்தான் படகில் ஏற்றினாள். நாற்பது நாள் ஆகிறது.

"படகு அனுப்பச் சொல்லுங்க."

"நான் சொன்னா அனுப்புவாங்களா? உடம்புக்கு ஒண்ணுன்னா டாக்டர் ஒருத்தர் சொன்னாப் போதும், உடனே படகு போகும். மனசுக்கு ஒண்ணுன்னா உங்க மாடியில இருக்கிற ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி லைன் வரும். அதுக்குள்ள வாங்கிட்டு வந்துரு."

மாடியில் இருக்கும் அந்த இரண்டு பேர்தான் மனப் பரிசோதகர்கள். யாரை யாரோடு தீவுக்கு அனுப்பலாம் என்று பார்ப்பது அவர்கள் வேலை. யுங் என்ற பழைய மனமருத்துவர் மனிதர்களை வகை பிரித்து எழுதி வைத்துவிட்டுப் போனார். அதிலிருந்து இரண்டு முறைகள் கிளைத்தன. ஒரே வயிற்றில் பிறந்தவை என்பதாலேயே இரண்டுக்கும் பங்காளிச் சண்டை. இரண்டிலும் பதினாறு வகை, ஒவ்வொரு வகைக்கும் நாலு ஆங்கில எழுத்து. ஒரு முறையில் நாலும் பெரிய எழுத்து. இன்னொன்றில் கடைசி எழுத்து மட்டும் சின்ன எழுத்து. அதனால் ஆபீசில் முதல் முறைக்கார முதியவருக்குப் 'பெரிய எழுத்து' என்றும், இரண்டாம் முறைக்கார அம்மாளுக்குச் 'சின்ன எழுத்து' என்றும் பெயர். ஒன்பது வருஷமாக எதிர் எதிர் அறையில் உட்கார்ந்து, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில்கூட ஒத்துப்போகாதவர்கள்.

அவள் நேரே போய் அலமாரியைத் திறந்து தம்பியின் அட்டையை எடுத்தாள். அட்டை அவளே டைப் அடித்தது. ஆபீஸ் விதிப்படி எல்லாம் தமிழில் இருக்க வேண்டும். 'ஐ.என்.டி.ஜே.' என்று அழகாக அடித்திருந்தாள். அதற்குக் கீழே 'பெரிய எழுத்து' முதியவர் தன் கையால் எழுதிய ஜோடிக் குறிப்பு: 'இ.எஸ்.எஃப்.பி. ஆள் மிகப் பொருத்தம்.'

கோப்பின் அடியில் தம்பியின் அசல் விடைத்தாள் இருந்தது. சோதித்தது சின்ன எழுத்து அம்மாள். பென்சிலால் ஓரத்தில் நாலு ஆங்கில எழுத்து. கடைசியில் இருந்தது சின்ன ஜே.

தமிழில் பெரிய எழுத்தும் கிடையாது, சின்ன எழுத்தும் கிடையாது. ஜே என்றால் ஜேதான். அவள் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிட்டாள். மறுநாள் அட்டையை எடுத்த பெரிய எழுத்து அதைத் தன் ஜே என்று படித்துவிட்டார்.

விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு சின்ன எழுத்தின் அறைக்கு ஓடினாள்.

"ஐயோ, அட்டையில இப்படியா அடிச்ச?" அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "உட்காரு, சொல்றேன். அவங்க முறையில கடைசி எழுத்து, ஒருத்தன் வெளி உலகத்துகிட்ட எப்படி நடந்துக்கிறான்னு சொல்லும். எங்க முறையில அவனுக்குள்ள எது முன்னால நிக்குதுன்னு சொல்லும். வாயாடிகளுக்கு ரெண்டும் ஒண்ணுதான், வித்தியாசம் வராது. உள்ளுக்குள்ளேயே வாழுறவங்களுக்குத்தான் தலைகீழா மாறும். எங்க ஜே அவங்களுக்கு பி. அவங்க ஜே எங்களுக்கு பி."

"அப்ப என் தம்பி?"

"அவர் நெனச்ச ஆளா இருந்திருந்தா, கூட இருக்கிற இ.எஸ்.எஃப்.பி. வாயாடி அவனுக்கு வலது கை மாதிரி. நெஜத்துல உன் தம்பி என் சின்ன ஜே. சின்ன ஜேவுக்கு அதே வாயாடி யாரு தெரியுமா?" சுவரில் தொங்கிய அட்டவணையில் விரலை ஓட்டி ஒரு கட்டத்தில் நிறுத்தினாள். "மோதல் உறவு. பதினாறு வகையில இதைவிட மோசமான ஜோடி கிடையாது."

தீவில் கூட இருப்பவனை அவளுக்குத் தெரியும். எல்லோரும் 'லொடலொடா' என்று கூப்பிடும் ஆள். வாயை மூடினால் தலை வெடித்துவிடும் என்கிற மாதிரி பேசுவான். நாற்பது நாள், ஒரே அறை, சுற்றிலும் தண்ணீர்.

"கையெழுத்துப் போடுங்கம்மா. கால்ல விழுறேன்."

"இரு இரு. அவர் என்ன சொல்றாருன்னு கேக்கணும்ல?"

பெரிய எழுத்து அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மோதல் உறவாம் மோதல் உறவு. வகைங்கிறது ஒருத்தனோட விருப்பம்மா, அவ்வளவுதான். சிலருக்கு வலது கைப் பழக்கம், சிலருக்கு இடது கை. அதுக்காக ரெண்டு பேரும் அடிச்சுக்குவாங்களா? நான் பொருத்தம்னு எழுதினது சும்மா ஒரு யோசனை, அந்த அம்மா பண்றது ஜாதகப் பொருத்தம். எழுத்து மாறினா என்ன, உன் தம்பிக்கு ஒண்ணும் ஆகாது."

"ஐயா, அவன் பேசி பன்னெண்டு நாளாச்சு."

"உள்முக ஆளு. பேச மாட்டான்."

மூன்று மணிக்கு, வேறு வழி தெரியாமல், இரண்டு பேரையும் நடைவழியில் நேருக்கு நேர் கொண்டுவந்து நிறுத்தினாள். தப்பு என்னுடையது, வேலையை விட்டு அனுப்புங்கள், எழுதிக் கொடுக்கிறேன், படகை மட்டும் அனுப்புங்கள் என்று கெஞ்சினாள். அவர்கள் அவள் தலைக்கு மேலாகப் பேசிக்கொண்டார்கள்.

"என் கணக்குப்படி இன்னும் ரெண்டு மாசத்துல முழுசா முறிஞ்சிரும்," என்றாள் சின்ன எழுத்து. "ஒன்பது வருஷமா சான்று எங்க, சான்று எங்கன்னு கேட்டீங்கல்ல? இப்ப தானா அமைஞ்சிருக்கு. நானே ஏற்பாடு பண்ணினாலும் இப்படி அமையாது."

"ஒண்ணும் முறியாது. ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுக்கிட்டு இறங்கி வருவாங்க. அன்னிக்கு உங்க அட்டவணையை நீங்களே சுவத்துல இருந்து கழட்டணும்."

"சரி, பாத்துடலாம்."

"பாத்துடலாம்."

ஒன்பது வருஷத்தில் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு சொல்லில்தான். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே ஊர் ஒன்றுபட்டதுதான் அவளுக்கு எமனாக முடிந்தது. மனிதர்களை இத்தனை நுணுக்கமாக வகை பிரிக்கத் தெரிந்த இரண்டு பேருக்கு, எதிரே அழுதுகொண்டு நிற்கிற ஒருத்தி எந்த வகை என்று பார்க்கத் தோன்றவில்லை. கையெழுத்துப் போடாமலே இரண்டு கதவும் மூடிக்கொண்டன.

நாலு மணிக்கு வயர்லெஸ்காரர் பேச்சுக்கருவியை அவள் கையில் கொடுத்தார். அது விதிக்குப் புறம்பானது. அவர் கதவைத் தாழ் போட்டார்.

"அக்காவா? அக்கா, நல்லா இருக்கீங்களா? இங்க காத்து பிச்சிக்கிட்டு அடிக்குது. நேத்து ஒரு பறவை வந்து கண்ணாடியில..."

"டேய், நிறுத்து. என் தம்பியை என்ன பண்ணினே?"

லொடலொடா நிறுத்தினான். அவன் நிறுத்தி அவள் கேட்டதே இல்லை.

"நான் ஒண்ணும் பண்ணலக்கா," என்றான், வேறு குரலில். "மூணாவது வாரத்துலேயே ஒரு மாதிரி ஆயிட்டான். சாப்பாட்டைக் கையில குடுத்தாத்தான் சாப்பிடுறான். சும்மா விட்டா மேல விளக்கு மேடைக்குப் போயி, கம்பிக்கு வெளியே குனிஞ்சு தண்ணியையே பாத்துக்கிட்டு நிக்கிறான். நான் அவன் இடுப்புல ஒரு கயித்தைக் கட்டி, மறுமுனையை என் கையில சுத்திக்கிட்டுத் தூங்குறேன். பேச்சை நிறுத்தினா எனக்கே பயமா இருக்கு. அதான் பேசிக்கிட்டே இருக்கேன். காதுல விழுதோ இல்லையோ தெரியல."

"ஏன்டா இதை முன்னாடியே சொல்லல?"

"அவன் கடைசியா பேசினதே அதுதாங்க்கா. அக்காகிட்ட சொல்லாதே, அது எனக்காக அலைஞ்சு வாங்கின வேலைன்னான்."

எதை நல்லது என்று செய்தாளோ, அதுவே அவன் வாயைக் கட்டியிருந்தது. வயர்லெஸ்காரர் கருவியை வாங்கி நிலைமையைச் சொன்னார். இரண்டு கையெழுத்தும் கிடைக்கவில்லை, படகு வராது, இன்னும் எண்பது நாள்.

"எண்பது நாள் முடியாதுங்க," என்றான் லொடலொடா. "எனக்கும் எப்பவாவது கண்ணு அசரும்ல?" பிறகு அவனே கேட்டான். "உடம்புக்கு ஒண்ணுன்னா கையெழுத்து வேண்டாம்தானே?"

"வேண்டாம். ஒருத்தனுக்கு அடிபட்டா ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துருவாங்க. தீவுல யாரையும் தனியா விடக் கூடாது."

"அப்பச் சரி. எழுதிக்குங்க. எனக்குக் கால் ஒடிஞ்சிருச்சு."

வயர்லெஸ்காரர் அவளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். அவர் பேனாவை எடுத்தார்.

"எந்தக் கால்?"

"ஒரு பத்து நிமிஷம் பொறுங்க. சொல்றேன்."

பத்து நிமிஷம் கழித்து மறுபடி குரல் வந்தது. "இடது," என்றான். அதற்கு மேல் பேசவில்லை, முனகினான். கருவியைக் கையால் பொத்திக்கொண்டு, "கெட்டிக்காரப் பயல், என்னமா நடிக்கிறான் பாரு" என்றார் வயர்லெஸ்காரர். அவளுக்கும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. செய்தி போனதும் டாக்டர் ஒரே வரியில் படகுக்கு உத்தரவு எழுதினார்.

மறுநாள் காலை படகுத்துறையில் நின்றாள். சின்ன எழுத்து நோட்டோடு வந்திருந்தாள். பெரிய எழுத்து நாலடி தள்ளி நின்றார். யார் சொன்னது பலித்தது என்று பார்க்காவிட்டால் அவர்களுக்கு விடியாது. படகு கரை சேர்ந்தது. தூக்குப்பலகையில் லொடலொடாவைக் கிடத்தியிருந்தார்கள். முன்பக்கத்தை ஒரு படகோட்டி பிடித்திருந்தான், பின்பக்கத்தை அவள் தம்பி பிடித்திருந்தான். பாதியாக இளைத்திருந்தான். தாடிக்குள் கண் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

டாக்டர் போர்வையை விலக்கிப் பார்த்து, வாயைச் சுளித்தார். "ரெண்டு இடத்துல ஒடிஞ்சிருக்கு. எப்படி விழுந்தே?"

"படியில வழுக்கிருச்சு சார்," என்றான் லொடலொடா.

அவர் கட்டுக்கு மூங்கில் பட்டை எடுக்கத் திரும்பியதும் அவள் குனிந்தாள். "டேய், நிஜமாவாடா? ஏன்டா இப்படிப் பண்ணினே?"

"டாக்டர் தொட்டுப் பாப்பாருல்லக்கா?" என்றான் மெல்ல. உதடு வெளுத்திருந்தது. "பொய்யின்னு தெரிஞ்சா அடுத்த படகுலேயே திருப்பி அனுப்பிருவாங்க, அவனையும் சேத்து. ஆறாவது படியில இருந்து குதிச்சேன். ஒடியல. அப்புறம் பத்தாவதுக்குப் போனேன்."

சின்ன எழுத்து நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள், ஒன்றும் எழுதவில்லை. பெரிய எழுத்து கடலைப் பார்த்தார். அழுதபடியே, பலகையை ஒரு கை பிடிக்கலாம் என்று டைப்பிஸ்ட் கையை நீட்டினாள். விரல் பட்டுப் பலகை லேசாக அசைந்தது. லொடலொடா பல்லைக் கடித்தான்.

"மெதுவா, அக்கா," என்றான் அவள் தம்பி. "அவனுக்கு வலிக்கும்."