ஹேவ்லாக்கிலிருந்து வந்த சிம்னி

வைஜெயந்தியின் சமையலறைச் சுவரில் கை வைத்தால் கை ஒட்டிக்கொள்ளும். சிப்பிகாட்டில் இருக்கும் தன் வீட்டிலிருந்து போர்ட் பிளேர் அலுவலகங்களுக்கு அவள் மதியச் சாப்பாடு கட்டி அனுப்புகிறாள். தினமும் மீன் வறுவல் உண்டு. எண்ணெய்ப் புகை போக வழியில்லை. மழைக்கால ஈரத்தில் அது சுவரில் படிந்து, அதன்மேல் பூஞ்சை பிடித்து, தோல்போல வளர்ந்திருந்தது. கரண்டிக் காம்பால் சுரண்டினால் உள்ளிருந்து கரப்பான் குஞ்சுகள் சிதறி ஓடும். ஒருநாள் அதில் ஒன்று கொதிக்கும் ரசத்தில் விழுந்தது. அவ்வளவு ரசத்தையும் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்து கணவனிடம் சொன்னாள்.

"இனிமே இந்த எடத்துல என்னால நிக்க முடியாதுங்க. சுவரச் சுரண்டி வெள்ளையடிக்கணும். நாலு பர்னர் அடுப்பு, மேல ஒரு சிம்னி. ரெண்டும் வேணும்."

துறைமுக அலுவலகத்தில் வேலை பார்க்கும் பிரவீன்குமார் அந்த ஞாயிற்றுக்கிழமையே அவளை அபர்தீன் பஜாருக்கு அழைத்துப் போனான். அடுப்பு சீக்கிரமே அமைந்தது. கண்ணாடி மேல்தகடு வைத்ததைக் கடைக்காரர் காட்டினார். பெரிய குண்டான் வைத்தால் விரிசல் விடும் என்று அவள் ஒதுக்கிவிட்டு, கனமான எஃகு அடுப்பைத் தேர்ந்தெடுத்தாள். சிம்னி விலை மட்டும் அவர்கள் நினைத்ததற்கு மிக மேலே இருந்தது.

"மெயின்லேண்ட்ல இதுல பாதிதான் பாய்," என்றான் பிரவீன்குமார்.

"ஜஹாஜ்ல கடல் தாண்டி வருது சார். உடையாம வரணும்ல?" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்ததும் பிரவீன்குமார் தன் பெரியப்பா மகன் திருநாவுக்கரசுக்குப் போன் செய்தான். ஹேவ்லாக் தீவு ரிசார்ட்டுகளில் துப்புரவும் பராமரிப்பும் காண்ட்ராக்ட் எடுத்து நடத்துபவர் அவர். அங்கே ஒரு ரிசார்ட்டை மூடி, சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். போன வருஷம் அவர் மகள் பிறந்தநாளுக்கு இவர்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்த இடம்தான்.

"சிம்னியா? பக்கா மால் இருக்குடா. புதுசு மாதிரி. அட்வான்ஸ் மட்டும் போட்டு விடு, நானே கொண்டாந்து எறக்குறேன்," என்றார்.

சொன்னபடியே கொண்டுவந்தார். படகுத்துறையிலிருந்து பிக்கப் வண்டியில் வந்து முற்றத்தில் இறங்கிய சிம்னி வெளியே பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் கயிற்றை அவிழ்ப்பதற்குள் வாடை வந்துவிட்டது. கெட்ட மீனும் ஈர நாயும் கலந்தது போன்ற ஒரு வாடை. வைஜெயந்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ரொம்ப நாளா பூட்டிக் கெடந்தது, அதான்," என்றார் திருநாவுக்கரசு.

பிரவீன்குமார் குனிந்து பில்டரைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. பலமாக இழுத்ததும் அது பிய்ந்துகொண்டு வந்தது. கூடவே பழுப்பான கொழகொழப்பு ஒன்று கட்டியாக அவன் முழங்கையில் விழுந்து, நூல் நூலாக வழிந்தது. உள்ளே ஒரு பல்லி நாலு காலையும் விரித்தபடி பிசுக்கில் பதிந்து செத்திருந்தது. அதைச் சுற்றிலும் கரப்பான் இறக்கைகள். காற்றாடியின் இதழ்களுக்கு நடுவே எலி முடி.

பிரவீன்குமார் ஓடிப்போய்க் குழாயடியில் கையைத் தேய்த்தான். சோப்பு வழுக்கியதே தவிர பிசுக்கு போகவில்லை.

"காஸ்டிக் சோடா போட்டு ஊற வச்சா போயிரும்," என்று அவனே அங்கிருந்து சொன்னான். அவன் குரலில் நம்பிக்கை இல்லை.

"அத்தான், இந்த மோட்டார் கடைசியா எப்ப ஓடுச்சு?" என்று கேட்டாள் வைஜெயந்தி.

"அது ரெண்டு வருஷமா ஓடல. ஒயர மாத்துனா ஓடும்."

"க்ளீன் பண்றது உங்க ஆளுங்கதானே?"

திருநாவுக்கரசு சிரித்தார். "காண்ட்ராக்ட் நம்மளுதுதான். மாசாமாசம் பில்லு போட்டாப் போதும்மா. மேல ஏறிப் பாக்க எவன் வரான்? டூரிஸ்டு வெளிய உக்காந்து கடலப் பாக்குறான். சட்டியையா எட்டிப் பாக்குறான்?"

அவளுக்கு அந்தப் பிறந்தநாள் சாப்பாடு நினைவுக்கு வந்தது. வெள்ளைத் தட்டில் தேங்காய்ப்பால் மீன் குழம்பு. மேலே கரும்பழுப்பில் சின்னச் சின்னச் சொட்டுகள் மிதந்தன. தாளித்த எண்ணெய் என்று நினைத்து, நன்றாயிருக்கிறது என்று சொல்லி இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டிருந்தாள். வேலியோரம் போய்த் துப்பினாள்.

"எங்களுக்கு இது வேணாம் அத்தான்."

"வேணாம்னா விடு. ஹட் பே பக்கம் ஒரு ஹாஸ்டலுக்கு நம்ம ஆளு சமையல் எடுத்திருக்கான். மேலாகத் தொடச்சு அவனுக்குத் தள்ளிவிட்டுர்றேன். புள்ளைங்க தின்கிற எடம், யாரு கேக்கப்போறா? சலேகா, அதெல்லாம் ஓடும்."

வைஜெயந்தி வீட்டுக்குள் போனாள். தேங்காய் உடைக்கும் இரும்புச் சம்மட்டியோடு வெளியே வந்தாள். முதல் அடியிலேயே காற்றாடி நசுங்கியது.

"ஏய்! பைத்தியமா ஒனக்கு?" என்று கத்தினார் திருநாவுக்கரசு. "டேய் பிரவீன், பிடிடா அவள!"

பிரவீன்குமார் ஈரக் கையோடு வந்தான். அவளைப் பிடிக்கவில்லை. சிம்னி நகராதபடி ஒரு காலால் அழுத்திக்கொண்டு, "மோட்டாருல போடு," என்றான்.

அவள் போட்டாள். ஒவ்வோர் அடிக்கும் பழுப்புத் துளிகள் தெறித்தன. அவள் சேலையில் பட்டன, திருநாவுக்கரசின் வெள்ளைச் சட்டையிலும் பட்டன. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு துள்ளிப் பின்வாங்கினார். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் தின்னக் கொடுத்ததை, தன் சட்டையில் ஒரு சொட்டுப் பட்டதும் அவரால் தாங்க முடியவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் அவளுக்குப் பல்லியைவிட, எலி முடியைவிட அதிகமாகக் குமட்டியது.

"அட்வான்ஸ திருப்பித் தர வேணாம் அண்ணே," என்றான் பிரவீன்குமார். "கெளம்புங்க."

சொந்தபந்தத்தில் அது பெரிய பேச்சானது. மூத்தவரை அவமானப்படுத்திவிட்டாள் என்றார்கள். அவள் விளக்கம் சொல்லப் போகவில்லை. நசுங்கிய தகரம் பழைய இரும்புக்குப் போனது. அது கிடந்த இடத்து மண்ணை வெட்டி எடுத்த பிறகும் எறும்புகள் அங்கேயே மொய்த்தன.

சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தார்கள். அடுப்புக்கு மேலே ஓட்டை போட்டு, பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று வைத்தார்கள். டெய்ரி ஃபார்ம் பக்கத்துப் பட்டறையில் ஜெகநாதன் என்பவர் தகட்டை வளைத்துக் கூம்பாக ஒரு மூடி செய்து கொடுத்தார். அழகில்லைதான், ஆனால் புகையை இழுத்தது. சனிக்கிழமை தோறும் அதைக் கழற்றி வெந்நீரில் கழுவுகிறார்கள். பிரவீன்குமார் மட்டும் இன்னும் வறுத்த மீனைத் தொடுவதில்லை.

போன மாதம் திருநாவுக்கரசின் மனைவி செல்லம் போனில் பேசினாள். "பழசெல்லாம் மறந்துரு வைஜெயந்தி. ஒங்க அத்தானுக்கு இன்னொரு பெரிய ரிசார்ட்ல காண்ட்ராக்ட் கெடச்சிருக்கு. கிச்சன் பூராவும் அவர் பொறுப்புதான். ஒருநா ரெண்டு பேரும் வாங்க, வயிறாரச் சாப்பிடலாம்."

"எந்த ரிசார்ட், அக்கா?" என்று வைஜெயந்தி கேட்டாள்.

செல்லம் பெருமையோடு பெயரைச் சொன்னாள். வைஜெயந்தி போனை வைத்துவிட்டு, அந்த ரிசார்ட்டின் நம்பரைத் தேட ஆரம்பித்தாள்.