கொடியில் ஏறாத கழுத்துத் துணி

"இந்தா, பொம்மைப் படம். பாப்பாவுக்குப் போட்டுக் காட்டு" என்று கைப்பேசியை மனைவியிடம் எறிந்துவிட்டுக் குளிக்கப் போனான் மகேன். தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் வந்த படம். விக்னேஸ்வரிக்கென்று கைப்பேசி கிடையாது. இருந்ததைப் போன மாதம் அவன்தான் சுவரில் அடித்து உடைத்தான்.

மகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். தேயிலை வெட்டும் பொம்மைப் பெண்கள், மழையில் நனைந்த கழுத்துத் துணிகளை அடுப்புக்கு மேலே கொடியில் காயப் போடுகிறார்கள். ஒருத்தி மட்டும் அவிழ்க்கவில்லை. விக்னேஸ்வரியின் கை தன் கழுத்துத் துணிக்குப் போனது.

"நம்புகிறவரிடம் அவிழ்த்துக் காட்டு. ஆஸ்பத்திரிக்குப் போ. மற்ற வழியை அங்கேயே சொல்வார்கள்" என்றது படத்தின் குரல். பொம்மைப் பெண் வேனில் ஏறிப் போவதோடு படம் முடிந்தது.

மறுநாளும் மழை. விக்னேஸ்வரி வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துக் கொட்டகையில், அடுப்பைச் சுற்றிப் பெண்கள் துணி காயப் போட்டார்கள்.

"இவளுக்கு மட்டும் குளிரு தனியா வருதுலா" என்று வழக்கம்போல் சீண்டினாள் பக்கத்து வீட்டுக் காளியம்மா.

விக்னேஸ்வரி துணியை அவிழ்த்துக் கொடியில் போட்டாள். கழுத்தில் விரல் தடங்கள் நீலம் பாரித்திருந்தன.

காளியம்மா தன் காய்ந்த துணியை எடுத்து அவளுக்குப் போர்த்தினாள். "தெரியாம கிண்டல் பண்ணிட்டேன் தாயி. எந்திரி, போலாம்."

வேனில் நாசிலெமாக் தேங்காய்ப்பால் சோறு விற்க வந்திருந்த ரொஹானா வேனைத் திருப்பினாள். பாலர் பள்ளியில் மகளையும் ஏற்றிக்கொண்டார்கள். இறக்கத்து வளைவில் எதிரே தோட்டத்து லோரி. ஓட்டி வந்தவன் மகேன். விக்னேஸ்வரி மகளை அணைத்தபடி சோற்றுப் பெட்டிகளுக்கிடையே குனிந்தாள்.

"என்னக்கா, அதுக்குள்ள வித்துடுச்சா?"

"மிச்சத்த டவுன்ல விக்கப் போறேன் தம்பி" என்று வேனை நகர்த்தினாள் ரொஹானா.

ஆஸ்பத்திரியில் தனி அறையில் உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார்கள். போலீஸ் புகாரும் அங்கிருந்தே போனது. இப்போது, சில மாதங்கள் கழித்து, மகேன் அவளை நெருங்கக் கூடாதென்று கோர்ட்டு உத்தரவு இருக்கிறது. அவளுக்குக் கியா பார்ம் சந்தையில் ஒரு பழக்கடையில் வேலை.

நேற்று ரொஹானா ஓர் இளம்பெண்ணோடு கடைக்கு வந்தாள். "இவ சுஹைலா, என் தங்கச்சி மக. அந்தப் படத்த வரைஞ்சவ. அடுப்போரமும் துணி அவுக்காத பொண்ணப் பத்தி இவகிட்ட நான்தான் சொன்னேன்."

விக்னேஸ்வரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சுஹைலாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"படத்துல ஒரு கொறை இருக்கு தங்கச்சி. வேன்ல ஏறின பொண்ணு அப்புறம் என்ன ஆனான்னு காட்டலையே."

"எனக்குத் தெரியலையேக்கா."

"எனக்குத் தெரியும். ஸ்ட்ராபெரி விக்கிறா." பெரிய பழங்களாகப் பொறுக்கிப் பெட்டியை நிரப்பினாள் விக்னேஸ்வரி. "இந்தா, இது அவ குடுத்தது."