வயிறு தள்ளிய மதில்

மதிலடி ஊர் மதிலுக்கு வயிறு தள்ளிவிட்டது என்று மனு வந்தது 1993 புரட்டாசியில். 'மதிலின் அடியில் பன்னிரண்டு வீடுகள் உள்ளன, மழைக்கு முன் ஆவன செய்யவும்' என்று எழுதி, எழுத்துத் தெரிந்தவர்கள் கையெழுத்தும் மற்றவர்கள் கைநாட்டும் வைத்திருந்தார்கள். கல் மதிலுக்கு வயிறா என்று பொதுப்பணித்துறை அலுவலகத்தில் ஆளாளுக்குச் சிரித்தார்கள். உதவிப் பொறியாளர் சித்ரலேகாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த வயிற்றுக்குக் காரணம் யார் என்று அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகம் நேரே அவளைத்தான் கைகாட்டியது.

சீவலப்பேரி தாண்டி டவுன் பஸ் திரும்புகிற கடைசி ஊர் மதிலடி. தாமிரபரணி வளைகிற மேட்டைச் சுற்றி, அரை மைல் நீளத்துக்கு அந்த மதில் நிற்கிறது. யார் கட்டியது என்று சொல்ல ஒரு கல்வெட்டும் இல்லை. கேட்டால் ஆளுக்கொரு ராஜா பேரைச் சொல்வார்கள், கொஞ்சம் அழுத்திக் கேட்டால் பூதம் கட்டினது என்று முடித்துவிடுவார்கள். வெளியே ஒரு கல் சுவர், உள்ளே ஒரு கல் சுவர், நடுவில் மண் நிரப்பி, பதினாலு அடி அகலம், இருபதடி உயரம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்ணாம்பு இல்லை, சாந்து இல்லை. இடுக்குகளில் ஓணானும் குருவியும் குடியிருந்தன.

சித்ரலேகா வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், 1986இல், அவள் கையில் தந்த முதல் வேலையே இந்த மதில்தான். ஆற்றுப் பக்கம் இருநூறு அடியை 'உறுதிப்படுத்த' வேண்டும். இடைவெளி என்றால் குறை என்று படித்துவிட்டு வந்தவள் அவள். ஓர் இடுக்கு விடாமல் சிமெண்டு வைத்து அடைத்தாள். ஓணான் வெளியே ஓடியது, குருவி பறந்தது, மதில் புதுச்சட்டை போட்ட மாப்பிள்ளை மாதிரி நின்றது. அவளுக்கே அதைப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை. கொத்தனாரிடம் கரண்டியை வாங்கி, ஈரச் சிமெண்டில் 'சி.லே. 1986' என்று எழுதினாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். இப்போது ஜீப்பிலிருந்து இறங்கியதும் எட்ட நின்றே தெரிந்துவிட்டது. அரை மைல் மதிலில் சிமெண்டு படாத இடமெல்லாம் நூல் பிடித்தாற்போல நிற்க, சிமெண்டு பூசிய இருநூறு அடி மட்டும் நடுவில் ஒன்றரை அடி முன்னால் தள்ளியிருந்தது.

அவள் வாயைத் திறக்கவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த மாதம் வர இருந்தது. அதில் தன் பேர் உண்டு என்று வீட்டில் கணவர் சிவகணேஷ் முதல் பால்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு குடும்பங்களையும் பள்ளிக்கூடத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டுத் திரும்பினாள். செயற்பொறியாளர் காசிலிங்கம் இருநூறு அடியையும் இடித்து, கல்லை ஆற்றங்கரையில் கொட்டும்படி உத்தரவு போட்டார். காரணம் என்ற கட்டத்தில் 'பழமை' என்று இருந்தது. அதற்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று தெரிந்தேதான் மறைத்தாள்.

இடிக்க வந்தவன் சங்கிலிபூதத்தான். அவள் வயதுதான் இருக்கும். பாலம், பங்களா, பழைய ரைஸ்மில் என்று மாவட்டத்தில் பாதியைத் தரைமட்டமாக்கியவன் என்று அவனே சொல்லிக்கொள்வான். எட்டு ஆட்களோடும் கடப்பாரைகளோடும் வந்து, வயிறு தள்ளிய இடத்தில் கைவைத்தால் தலையில் விழும் என்பதால், அதை ஒட்டிய சிமெண்டு படாத முனையில் மேலிருந்து பிரிக்கத் தொடங்கினான். இரண்டு நாளில் மூன்று வரிசைதான் இறங்கியது.

மூன்றாம் நாள் காலையில் சித்ரலேகா போனபோது அவன் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு மதில்மேல் குந்தியிருந்தான்.

"என்ன, வேலை நடக்கலியா?"

"ஏறி வந்து பாருங்கம்மா. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு."

ஏணியில் ஏறிப் பார்த்தாள். கீழிருந்து ஒரு முழ அகலமாகத் தெரிந்த கல், உள்ளே ஆறடி நீளத்துக்கு மண்ணுக்குள் போயிருந்தது. நாலடிக்கு ஒன்று அப்படி. ஆணி அடித்தது போல அந்த நீளக் கற்கள் வெளிச்சுவரை மண்ணோடு பிடித்துவைத்திருந்தன. அவற்றுக்குப் பின்னால் உடைகல்லும் சல்லியுமாக ஒரு படுகை, ஒவ்வொரு கல்லும் வெளிப்பக்கம் லேசாகச் சரிந்து.

"இது எதுக்குச் சரிச்சு வச்சிருக்கான் தெரியுதா?" என்றான் சங்கிலிபூதத்தான். "மழை பெஞ்சா தண்ணி மேல இருந்து மண்ணுக்குள்ள இறங்கும்லா. அது அங்கன தங்கப்படாது. இந்தச் சல்லி வழியா வந்து இடுக்கு வழியா வெளியே போயிரணும். சாந்து வைக்கத் தெரியாமலா விட்டிருக்கான்? வேணும்னேதான் விட்டிருக்கான். நான் இடிச்ச கட்டடம் எதுலயும் இப்படி ஒரு மூளையப் பாக்கல. கெட்டுனவன் கைய மனசுல நெனச்சுக் கும்பிட்டுட்டு உக்காந்திருக்கேன்."

தான் அடைத்தது அந்த வழியைத்தான் என்று சித்ரலேகாவுக்குப் புரிந்தது. ஆனாலும், எந்தப் பொறியாளருக்கும் வருகிற ஆசை அவளுக்கும் வந்துவிட்டது. குற்ற உணர்ச்சியை ஒரு பக்கம் ஒதுக்கிவைத்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு அன்று முழுவதும் மதிலைச் சுற்றினாள்.

பார்க்கப் பார்க்க வியப்பு கூடியது. அடிக்கல் ஒன்றை அளந்து கணக்குப் போட்டால் இரண்டு டன்னுக்கு மேல் வந்தது. பக்கத்தில் பாறை கிடையாது. மேற்கே தெரிகிற குன்றுக்கு நாலு மைல். பனந்தடியை உருளையாகப் போட்டு, கயிறு கட்டி, நூறு பேராவது இழுத்திருக்க வேண்டும். அறுப்பு முடிந்து ஆற்றில் தண்ணீர் வற்றும் பங்குனி, சித்திரையில்தான் அத்தனை கைகள் சும்மா இருந்திருக்கும் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். அப்படியானால் இது ஒரு கோடையில் முடிந்த வேலை இல்லை. பத்து வருஷம், இருபது வருஷம்கூட ஆகியிருக்கலாம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மதில் முழுக்க ஒரே கல் இல்லை. முப்பது, நாற்பது அடிக்குக் கருங்கல், பிறகு சிவப்போடிய கல், பிறகு சாம்பல் நிறம். அடுக்கிய கையும் வேறு வேறு. ஒரு பங்கில் கற்கள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன, அடுத்த பங்கில் சற்று அவசரம் தெரிந்தது. ஒவ்வொரு பங்கும் தொடங்கும் இடத்தில் ஒரு கல்லில் குறி கொத்தியிருந்தார்கள். ஒன்றில் ஏர், ஒன்றில் சீப்பு, ஒன்றில் வெறும் மூன்று குழி.

"ஊருக்கு ஒரு பங்கு," என்றான் சங்கிலிபூதத்தான். "எங்க கோயில் தேருக்கு வடம் பிடிக்கதுலயும் இப்படித்தான் தெருவுக்கு ஒரு இடம் உண்டு. விட்டுக்குடுக்க மாட்டோம்."

"எந்தச் சண்டைக்குப் பயந்து இவ்வளவு பெரிசாக் கட்டினாங்களோ."

"சண்டையும் இருந்திருக்கும். ஆனா ராஜா ஒருத்தன் மட்டும் ஒளியணும்னா இதுல கால்வாசி போதுமேம்மா. அரை மைலு எதுக்கு?"

அவள் நிமிர்ந்து மதிலுக்குள் பார்த்தாள். மாடு, வைக்கோல், நெல், பிள்ளைகுட்டி என்று ஏழெட்டு ஊரே உள்ளே வந்து இருக்கலாம். கல் சுமந்த எல்லோருக்கும் உள்ளே இடம் விட்டுத்தான் அளவே எடுத்திருக்கிறார்கள் என்று பட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்க்காமல் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள், வயிற்றுக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் சிமெண்டைக் கொஞ்சம் பெயர்த்துப் பார்க்கச் சொன்னாள்.

"பைய தட்டுலே," என்றான் சங்கிலிபூதத்தான் தன் ஆளிடம்.

உளி நாலு விரல் உள்ளே போனதும் செம்மண் தண்ணீர் குழாய் உடைந்தாற்போலப் பீறிட்டது. மழை பெய்து பத்து நாளாகியிருந்தது. ஆட்கள் பின்னால் நகர்ந்து நின்று வாயைப் பிளந்தார்கள்.

"வயித்துல இருக்கது இதுதான்," என்றான் சங்கிலிபூதத்தான். "போன வருச வெள்ளத்துத் தண்ணி வரைக்கும் உள்ள கெடக்கும்போல. எந்தக் கிறுக்குப்பய இத அடைச்சான்?"

சித்ரலேகா அங்கிருந்து நகர்ந்தாள். கொஞ்ச தூரத்தில், காலிசெய்த தன் வீட்டு வாசலில் பீடி சுற்றும் தட்டோடு உட்கார்ந்திருந்தாள் கனி. பள்ளிக்கூடத்தில் வெளிச்சம் போதவில்லை என்று பகலில் இங்கேயே வந்துவிடுவாள். சித்ரலேகா அவளிடம் போய்த் தண்ணீர் கேட்டாள். கனி செம்பை நீட்டிவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"ஏழு வருசத்துக்கு முந்தி பச்சைச் சேலை உடுத்திக்கிட்டு நீங்கதான வந்திய."

செம்பு சித்ரலேகாவின் கையிலேயே நின்றது. "மொத நாளே தெரியுமா?"

"மொகம் மறக்குமாம்மா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கோவத்துல உடனே இடிச்சுப்போட்ருவியன்னு பயந்தேன். போன வருசம் வெள்ளம் வந்தப்போ எங்க பன்னெண்டு வீட்டு ஆளும் மூணு நாளு இந்த மதிலு மேலதான் இருந்தோம். மாடு கன்னெல்லாம் உள்ளுக்க நின்னுச்சு. ஒரு உசுரு போகல. இதையும் இடிச்சுட்டா அடுத்த தடவ எங்க ஏறுவோம்?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. தப்புச் செய்தவள் தன் பதவிக்குப் பயந்து வாய்மூடியிருக்க, தப்பால் வீட்டை விட்டவள் அதிகாரிக்குப் பயந்து வாய்மூடியிருக்கிறாள்.

அன்று பிற்பகலே காசிலிங்கத்தின் முன்னால் போய் நின்றாள். இடிப்பதை நிறுத்த வேண்டும், சிமெண்டை மட்டும் எடுத்தால் போதும், மதில் தானாக நிற்கும் என்றாள். அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுக் கேட்டார்.

"நிறுத்தலாம்மா. ஆனா காரணம் எழுதணும்லா. பழமைன்னு எழுதினா இடிச்சுத்தான் ஆகணும். வேற காரணம்னா அந்த வேலைய யாரு செஞ்சான்னு மேல கேப்பாவ. ஃபைல்ல யாரு பேரு இருக்குன்னு உனக்கே தெரியும். பட்டியல் வர்ற நேரம். யோசிச்சுக்கோ."

"யோசிக்க நேரமில்ல சார், ஐப்பசி பிறக்கப் போகுது," என்றாள்.

தன் மேஜைக்கு வந்து எழுதினாள். 'மதிலின் கற்களுக்கிடையே உள்ள இடைவெளிகள் நீர் வடிவதற்காகக் கட்டியவர்களால் திட்டமிட்டு விடப்பட்டவை. 1986இல் என் மேற்பார்வையில் அவற்றைச் சிமெண்டால் அடைத்தது தவறு. வீக்கத்திற்கு அதுவே காரணம்.' கையெழுத்துப் போட்டபின் ஒரு பெரிய மூச்சு வந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று பக்கத்து மேஜைக்காரர் ஆறுதல் சொன்னார். தான் ஆனை இல்லை, மதில் கட்டினவர்கள்தான் ஆனை என்று அவளுக்குத் தோன்றியது.

உத்தரவு மாறியது. சங்கிலிபூதத்தானுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக இடிக்காத வேலை. அடிவரிசையில் தொடங்கி, ஒரு நாளைக்கு இத்தனை அடி என்று பைய பையச் சிமெண்டைக் கொத்தி எடுத்தான். உள்ளே கிடந்த தண்ணீர் மூன்று நாள் ஓடியது. பிரித்த மூன்று வரிசையையும் அவனே திரும்ப அடுக்கினான். அடுக்கிவிட்டு, முன்னால் இருந்ததுபோல வரவில்லை என்று தானே குறைப்பட்டுக்கொண்டான்.

பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. அவள் பேர் இல்லை. எதிர்பார்த்ததுதான் என்றாலும் அன்று சாப்பாடு இறங்கவில்லை. சிவகணேஷ் தயிர்ச் சோற்றைப் பிசைந்து தட்டில் வைத்தார்.

ஐப்பசி இரண்டாம் வாரம் மழை பிடித்தது. மூன்றாம் நாள் மதியம் சித்ரலேகா குடையோடு மதிலடிக்குப் போனாள். சங்கிலிபூதத்தானும் வந்திருந்தான், யாரும் கூப்பிடாமலே. ஆயிரம் இடுக்கிலும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. விரல் தடிமனுக்கு, நூல் தடிமனுக்கு, சும்மா ஈரமாக. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார்கள். வயிறு போன மாதம் எவ்வளவோ அவ்வளவேதான், ஒரு நூல் கூடவில்லை.

அப்போதுதான் நெஞ்சு உயரத்தில் ஓரிடம் காய்ந்திருப்பதைப் பார்த்தாள். சுற்றிலும் தண்ணீர் வடிய, முறத்தளவுக்கு ஒரு சிமெண்டுத் திட்டு மட்டும் பெயர்க்காமல் நின்றது. அதன் மேல்விளிம்பில் சேறு பிதுங்கியது. 'சி.லே. 1986.'

"இத ஏன் விட்டிய?"

சங்கிலிபூதத்தான் தலையைச் சொறிந்தான். "உங்க பேருல உளி வைக்கச் சொல்லுதியளா? ஆளுவ யாரும் மாட்டேன்னுட்டானுவ. நானும் மாட்டேன். எழுதின பேருல்லாம்மா."

"சுத்தியலைக் குடுங்க."

குடையைக் கீழே போட்டாள். முதல் அடி வழுக்கியது. ஐந்தாவது அடியில் 'சி.லே.' உடைந்து விழுந்தது, ஏழாவதில் வருஷம். தடுத்துவைத்திருந்த தண்ணீர் சடாரென்று வந்து அவள் சேலையை மார்பிலிருந்து கால்வரை செம்மண்ணாக்கியது.

தண்ணீர் தெளிந்ததும் உள்ளே இருந்த கல் தெரிந்தது. அதில் ஒரு குறி. மூன்று பக்கம் விளிம்பு, ஒரு பக்கம் திறப்பு. வாசலில் நின்றிருந்த கனி கிட்டத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

"முறம்லா இது."

ஏதோ ஓர் ஊர், தன் பங்கு தொடங்கும் இடம் இது என்று வைத்த அடையாளம். பேர் வைக்கவில்லை, வருஷம் வைக்கவில்லை. சித்ரலேகா அந்தக் குறியில் விரலை வைத்தாள். விரலிடுக்கில் தண்ணீர் ஓடியது.

"இது மேலயா என் பேரை எழுதினேன்," என்றாள். "ஏழு வருஷம்."

"இப்பதான் உடைச்சுட்டியள்லா," என்றாள் கனி. "நனையாதிய, உள்ளுக்க வாங்க."