பை மாட்டிய ஆணி

ஆயுத பூஜை முடிந்த பதினேழு நாளில் இருபத்தொரு முறை தீ எச்சரிக்கைச் சங்கு ஊதிவிட்டது. தீயும் இல்லை, புகையும் இல்லை. ஒவ்வொரு முறையும் அருள்புரத்து பனியன் கம்பெனியின் முந்நூறு பேரும் வாசலுக்கு ஓடிவந்து, வெயிலில் நின்று, திட்டிக்கொண்டே திரும்பிப் போனார்கள். திட்டு மொத்தமும் மெயின்டனன்ஸ் பார்க்கும் பிரபாகருக்கு. ஐம்பத்திரண்டு வயதில் இப்படித் தினமும் குடோனுக்கு ஓடினால் முழங்கால் என்ன பாடுபடும்?

சங்கை ஊதவைப்பது தலைமுடி பருமனில் ஒரு கண்ணாடி நூல். கறுப்பு கேபிளுக்குள் பதுங்கிக் கட்டிடம் முழுக்கச் சுவரோடு ஓடி, துணிக்கழிவு குடோனில் போய் முடிகிறது. ஆபீஸ் ரூமில் இருக்கும் பெட்டி அதற்குள் வெளிச்சத்தைத் தட்டிவிடும். வழியெல்லாம் அதில் துளியூண்டு திரும்பி வரும். அந்தத் துளியை வைத்து எத்தனையாவது மீட்டரில் எவ்வளவு சூடு என்று பெட்டி சொல்லிவிடும். பூஜைக்குப் பிறகு அந்தத் துளியும் இளைத்துப்போனது. திரையில் கோடு நடுங்கியது. கடைசியில், குடோன் பக்கம், பேயாட்டம் ஆடியது. அந்த ஆட்டத்தைச் சூடு என்று நம்பித்தான் பெட்டி சங்கை ஊதியது.

முதலாளி அர்த்தநாரி காரணம் கேட்டார். காரணம் இல்லாமல் அவர் எதிரில் நிற்க முடியாது. பிரபாகர் குடோனுக்குப் போனார். அங்கே கழிவு பிரிக்கும் முத்துப்பேச்சியின் டிபன் பை, கேபிள் ஓடும் சுவரில் தொங்கியது. கேபிள் மடங்கினால் வெளிச்சம் குறையும் என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான்.

"நான் ஆணியிலல்லா மாட்டியிருக்கேன் அண்ணாச்சி! இங்கன வந்து பாருங்க," என்று அவள் கையை நீட்டிக் காட்டினாள்.

அவர் போய்ப் பார்க்கவில்லை. கால் வலித்தது. பையைத் தொங்கவிட்டுக் கேபிளைக் கெடுத்துவிட்டாள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து அவள் வேலைக்கு வரவேண்டாம் என்றாகிவிட்டது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. கம்பெனிக்கு இளைத்தது, தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, தனியாளாக மகளைப் படிக்கவைக்கும் முத்துப்பேச்சி.

பை போனது. சங்கு போகவில்லை. திங்கட்கிழமையே இரண்டு முறை ஊதியது. அப்போதே பிரபாகருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் இருந்தது. வாயைத் திறக்காமல், பெட்டி அரை நிமிஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் சூட்டுச் சராசரியைப் பத்து நிமிஷம் ஆக்கினார். நடுக்கமெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கோடு சாதுவானது. சங்கு ஓய்ந்தது.

"பாத்தீங்களா பிரபாகரு, பை போனதும் செரியாப் போச்சு," என்றார் முதலாளி.

பிரபாகர் சிரித்துவைத்தார். நிஜமாகவே பஞ்சு புகைந்தால் சங்கு எத்தனை நிமிஷம் பிந்தி ஊதும் என்ற நினைப்பு அவரைச் சோறு தின்னவிடவில்லை. வியாழக்கிழமை, பெட்டியை விற்ற கம்பெனியின் என்ஜினியர் மைதிலிக்குப் போன் போட்டார். அவள் சென்னையில் இருந்தபடியே பதிவுகளைப் பார்த்தாள்.

"குடோன்ல ஒண்ணும் இல்ல சார். அங்க மடங்கியிருந்தா அந்த இடத்துலதான் வெளிச்சம் குறையும். இது முதல் மீட்டர்லயே குறைஞ்சிருக்கு. வாசல்லயே பாதி போனா கடைசிக்கு என்ன போய்ச் சேரும்? அதான் அங்க ஆட்டம் அதிகம். பெட்டியை அணைச்சுட்டு, கேபிள் முனையைக் கழட்டித் துடைச்சுப் பாருங்க."

அணைத்தார். கழற்றினார். பஞ்சுக்குச்சியால் துடைத்தார். பஞ்சில் மஞ்சள். இன்னொரு குச்சி எடுத்தார். அதில் கொஞ்சம் சிவப்பும் வந்தது. மூக்கருகே கொண்டுபோனார். சந்தனம்.

பூஜையன்று கம்பெனியின் மெஷின் அத்தனைக்கும் பொட்டு வைத்தது அவர்தான். வருஷா வருஷம் அவர்தான். புதுப் பெட்டியாயிற்றே என்று அதற்குத் தனி மரியாதை வேறு. முனையைக் கழற்றித் தூசி ஊதி, சந்தனமும் குங்குமமும் தொட்ட ஈரக் கையாலேயே தடவிவிட்டு, சாமி கும்பிட்டு மாட்டியிருந்தார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவருக்குத் தன் விரலே தெரியவில்லை. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

சுத்தமாய்த் துடைத்து மாட்டியதும் கோடு நடுங்காமல் நின்றது. சராசரியைப் பழையபடி அரை நிமிஷத்துக்கு இறக்கினார். நேரே முதலாளியிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னார்.

அர்த்தநாரி வயிறு குலுங்கச் சிரித்தார். "அட, சாமிக்கு வெச்சதுதானுங்களே! அதுல என்னங்க தப்பு?"

"அப்ப முத்துப்பேச்சி வெச்ச பைங்க?"

சிரிப்பு நின்றது. "வேணும்னா வரச் சொல்லிப்போடுங்க," என்று பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

பிரபாகர் அவளுக்குப் போன் போட்டார். பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். அவர் சந்தனத்தைச் சொன்னார், மன்னிப்பும் கேட்டார். அவளுக்குப் பின்னால் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது.

"சரி, விடுங்க அண்ணாச்சி. இப்பம் பையை எங்கயும் மாட்டுறதில்ல. மடியிலயே வச்சிக்கிட்டுத்தான் வேலை பாக்கேன்."

போனை வைத்துவிட்டுக் குடோனுக்கு நடந்தார். அவள் காட்டிய இடத்தில் ஆணி இருந்தது. கேபிள் அதற்கு ஒரு முழம் மேலே ஓடியது.