பத்தொன்பது காளைகளுக்கும் படர்தாமரை

மூன்றாவது தட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது பிரீடாவின் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கினாள் ஜோஸி. செத்தவனின் பெண்டாட்டி அடுக்களையில் நின்றால் ஊர் என்ன நினைக்கும் என்பது அவள் கேள்வி. செத்தவனின் அக்கா அவள். கேட்க உரிமை உண்டு. பிரீடா ஏப்ரனை அவிழ்த்துக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, முன்னறையில் சவப்பெட்டியின் தலைமாட்டில் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். முப்பத்தொரு வருடக் கல்யாண வாழ்க்கையில் பகல் மூன்று மணிக்கு அவள் சும்மா உட்கார்ந்தது அன்றுதான்.

மாஸி நீலக் கோட்டில் படுத்திருந்தான். விரல்களில் ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். முந்தின நாள் காலை கொட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தவன், "கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்று ஒரு வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தான். கொட்டிலின் மறுகோடியில் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த பிரீடா, குளிர்காலத்துக்கு எந்த மில்லில் பார்லி சொல்வது என்று விலாவாரியாகப் பேசிக்கொண்டே போனாள். பத்து நிமிடம் பதில் வராததில் அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மாஸியோடு பேசுவது எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

அந்த பார்லி பத்தொன்பது காளைகளுக்கானது. எல்லாம் பக்கத்துப் பால்பண்ணை லிஸ்டனிடம் போன வருடம் மார்ச்சில் வாங்கிய கன்றுகள். அப்பன் ஆங்கஸ் என்ற கறி இனம், ஆத்தாள் கறவை இனம். பால்காரனுக்குக் காளைக்கன்று என்பது பசு பால் கொடுப்பதற்கு அவன் கட்டும் வரி. பத்து நாளில் தள்ளிவிடத்தான் பார்ப்பான். அவற்றை வாங்கி, ரப்பர் காம்பு வைத்த வாளியில் பால் புகட்டி, கழிச்சல் கண்ட நான்கை அடுக்களை அடுப்போரம் கிடத்திக் காப்பாற்றி, காயடித்து, இரண்டு கோடை மேயவிட்டு ஆளாக்கியது பிரீடா. அந்த வீட்டில் வருடாவருடம் அதுதான் வழக்கம். அதற்குப் பிறகு வருவதும் வழக்கம்தான்: ஒன்றரை வயதில், அக்டோபர் மழை புல்வெளியைச் சேறாக்குவதற்குள், எலும்புச் சட்டம் மட்டும் வளர்ந்து கறி பிடிக்காத பருவத்தில், சந்தையில் விற்றுவிடுவார்கள். கிழக்கே மீத் பக்கத்திலிருந்து எவனாவது வாங்கிப் போய், நாலு மாதம் கொட்டிலில் கட்டித் தீனி போட்டு, கொழுக்கவைத்து, பேர் வாங்குவான்.

சில பெண்கள் சாவதற்குள் ரோமாபுரியைப் பார்த்துவிட வேண்டும் என்பார்கள். பிரீடாவின் ஆசை, தான் வளர்த்த காளை தன் கொட்டிலிலேயே கொழுத்து நிற்க, அதன் வால்முளையின் இரண்டு பக்கமும் கை வைத்துக் கொழுப்பை அழுத்திப் பார்ப்பது. இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று அவளுக்கே தெரியும். மாஸியிடம் மட்டும்தான் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. குளிர்காலம் நீளம் என்றான். பிப்ரவரியில் விலை விழுந்தால் என்றான். அவள் வருடம் முழுக்க விடவில்லை. இந்த வருடம் குளிர்காலத் தீனிக்காகப் புளிக்கவைத்து மூடிய ஊறுகாய்ப்புல் நன்றாக அமைந்திருக்கிறது, கொட்டில் காலியாகத்தானே கிடக்கிறது, இந்தக் கூட்டத்தைப் போல இனி ஒன்று அமையாது என்று கரைத்தாள். ஜூலையில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பேப்பரை மடித்துவைத்துவிட்டு அவன் சொன்னான்: "சரி. கொழுக்க வெப்போம்." இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னான் என்பதாலேயே அது அவளுக்கு மறக்கவில்லை.

இப்போது வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து, ரொம்ப வருத்தமாயிருக்கிறது என்று சொல்லி, மாஸியை ஒரு பார்வை பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு, ஹாம் ரொட்டி இருக்கும் திசைக்குப் போனார்கள். ஐந்து மணி வாக்கில் ஹார்னெட் வந்தார். மாட்டு வியாபாரி. பெரிய உடம்பு, சின்னக் கால்கள், நடக்கும் பீப்பாய். மற்றவர்களைவிடக் கொஞ்சம் நேரம் கூடுதலாக அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாட்ட நெனச்சு நீங்க கவலப்படாதீங்க மிஸஸ்," என்றார் தணிந்த குரலில். "சனிக்கிழம லாரி வர்றதா பேச்சு. இப்ப இப்படி ஆயிட்டதால ஒரு வாரம் தள்ளிக்கூட வெச்சுக்கலாம்."

"எந்த மாட்ட?"

ஹார்னெட் அவளைப் பார்த்தார். பிறகு உதவிக்கு வருவான் என்பதுபோலப் பெட்டிக்குள் பார்த்தார். மாஸி, அவன் வழக்கப்படி, இதில் தலையிடவில்லை.

"பத்தொம்பதுக்கும் கத்தரி போட்டுட்டேனே மிஸஸ். பின்சப்பைல. பாத்திருப்பீங்களே."

பார்த்திருந்தாள். மூன்று வாரத்துக்கு முன், தங்கச்சியைப் பார்க்க டிரலிக்குப் போய்விட்டு வந்த மறுநாள் பார்த்தாள். ஒவ்வொரு காளைக்கும் இடது பின்சப்பையில் உள்ளங்கையகலத்துக்கு முடி போயிருந்தது. வாங்கிய மாட்டுக்கு வியாபாரி கத்தரியால் முடி வெட்டி அடையாளம் வைப்பது அந்தக் காலத்து வழக்கம். ஹார்னெட் ஒருத்தர்தான் இன்னும் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறார். பிரீடா படர்தாமரை என்று முடிவு செய்தாள். பத்தொன்பது மாட்டுக்கும் ஒரே பக்கம், ஒரே இடத்தில், அளவெடுத்தாற்போலப் படர்தாமரை வருமா என்று யோசிக்காத மூளையை வைத்துக்கொண்டுதான் அவள் கொழுக்கவைக்கத் திட்டம் போட்டிருந்தாள்.

பத்து நாள் மருந்து போட்டாள். மாஸி ஒவ்வொன்றாக இரும்புக் கூண்டுக்குள் ஓட்டிவிட்டு நெம்புகோலை இழுத்துப் பிடிப்பான். அவள் தடவுவாள். இது மனிதருக்கும் ஒட்டும், கையுறை போடு என்று அவனை ஏசினாள், போட்டுக்கொண்டான். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, "இந்தப் பக்கம் கொஞ்சம் விட்டுப்போச்சு பாரு" என்று விரல் நீட்டிக்கூடக் காட்டினான். உண்மையைச் சொல்வதானால், அந்தப் பத்து மாலைகளும் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தன. இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று ஒரு வேலையைச் செய்து எத்தனையோ வருடமாகியிருந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது ஒருநாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டுகூட நடந்தாள். கையுறையோடு.

"மாஸி கை குடுத்து வெல முடிச்சாரு," என்று ஹார்னெட் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆனா இப்ப நீங்க சொல்றதுதான். வேணாம்னா வேணாம்."

"சாப்ட்டுட்டுப் போங்க," என்றாள் பிரீடா. "ஹாம் இருக்கு."

அவர் போனதும் எழுந்து அடுக்களைக்கு வந்தாள். ஜோஸி ரொட்டிகளை முக்கோணமாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

எது என்று ஜோஸி கேட்கவில்லை. அதிலேயே பாதி பதில் வந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கோடையிலிருந்தே தம்பிக்கு மூச்சு வாங்கியது, நெஞ்சில் ஏதோ இறுக்குகிறது என்று தன்னிடம் சொன்னான், டாக்டரிடம் போகச் சொன்னேன் போகவில்லை என்று தரையைப் பார்த்தபடி சொன்னாள். பனியிலும் குளிரிலும் நாலு மாதம் தீவனம் சுமக்கத் தன்னால் ஆகாது என்றானாம்.

"தீவனம் சொமக்கறது நான், ஜோஸி."

ஜோஸி பலகையிலிருந்த ரொட்டித் தூளை உள்ளங்கையில் கூட்டினாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ரொம்ப சந்தோஷமா இருக்கியாம். எப்படிச் சொல்றதுன்னான்."

"சந்தோஷமாவா? மருந்து தடவிக்கிட்டு இருந்தேன் ஜோஸி. பத்து நாளு."

"தெரியும்," என்றாள் ஜோஸி. சொன்ன பிறகுதான் அதைச் சொல்லியிருக்கக்கூடாது என்பது அவளுக்கு உறைத்தது.

வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்று பிரீடா கேட்டதற்கு ஜோஸி வெண்ணெய் டப்பாவை மூடி, திறந்து, மறுபடி மூடினாள். கேட்டிருக்கவே வேண்டாம். கூட்டுறவுக் கடையில் இரண்டாவது டப்பா மருந்து கேட்டபோது கடைக்காரன் கூரையைப் பார்த்தது ஞாபகம் வந்தது. லிஸ்டன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "விட்டுடு பிரீடா, முடி தானா வளந்துடும்" என்றது ஞாபகம் வந்தது. இவ்வளவு தங்கமான மனிதர்களா என்று அன்று அவள் நினைத்திருந்தாள். ஊர் மொத்தமும் ஒரு நாடகத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறது. மேடையில் இருந்தவளுக்கு மட்டும் அது நாடகம் என்று தெரியாது. கூட நடித்தவன் முன்னறையில் படுத்திருந்தான்.

முப்பத்தொரு வருடத்தில் மாஸி அவளிடம் ஒருமுறைகூட முடியாது என்று சொன்னதில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று இனிமேல் முதலிலிருந்து யோசிக்க வேண்டும்.

மறுநாள் பூசையில் அவள் யோசித்ததெல்லாம் அதுகூட இல்லை, சனிக்கிழமை லாரிதான். கை கொடுத்த பேரத்தை அந்தச் சீமையில் யாரும் முறிப்பதில்லை. முறித்தால் கல்லறை மண் ஈரம் காய்வதற்குள் மாஸியின் பேச்சுக்கு மதிப்பில்லாமல் போகும். முறிக்காவிட்டால், தான் வளர்த்த பத்தொன்பதையும் லாரியில் ஏற்றக் கோலோடு அவளே வாசலில் நிற்க வேண்டும். பாதிரியார் பிரசங்கத்தில், மாஸி உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசத் தெரியாத மனிதர் என்றார். பின்வரிசைகளில் நாலைந்து பேருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் மதுக்கடையின் பின்கூடத்துக்குச் சாப்பிடப் போனார்கள். முதலில் சூப், பிறகு வாட்டிய மாட்டுக்கறி. எவனோ பக்குவமாகக் கொழுக்கவைத்த மாடு. கத்தி பட்டதும் பிரிந்தது. பிரீடா இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு எழுந்து நின்றாள். ஏதோ நன்றி சொல்லப்போகிறாள் என்று கூடம் அடங்கியது.

"வந்ததுக்கு எல்லாருக்கும் நன்றி," என்றாள். "இன்னிக்கு மாட்டக் கொட்டில்ல அடைக்கப் போறேன். ரோட்டுல ஓட்டிட்டு வரணும், வேலில வழி விட்ட கடவுக்குக் கடவு ஆள் வேணும். மாஸி அதுங்கள வித்தது யாருக்கெல்லாம் முன்னாடியே தெரியுமோ, அவங்க எந்திரிச்சு வாங்க. மத்தவங்க சாப்பிடுங்க."

முள்கரண்டிகள் நின்றன. முதலில் ஜோஸி எழுந்தாள். பிறகு லிஸ்டன். கூட்டுறவுக் கடைக்காரன். தபால்காரன். சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நாலு பேர். மூலையில் பாதிரியார் கழுத்தில் செருகியிருந்த சாப்பாட்டுத் துண்டை மெல்ல எடுத்து மடித்துவைத்துவிட்டு எழுந்தபோது யாரோ கிளுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். கடைசியாக ஹார்னெட் எழுந்தார்.

"வித்தது வித்ததுதான்னு நீங்க சொல்லலாம்," என்றாள் பிரீடா அவரிடம். "நான் தடுக்க மாட்டேன்."

அவர் தட்டைப் பார்த்தார், பாதி பாக்கியிருந்தது. "அவரு கையத்தான் குலுக்கினேன் மிஸஸ்," என்றார். "மாடு உங்களுதுன்னு எனக்கும் தெரியும். கேக்காம விட்டது என் தப்பு. எங்க நிக்கணும்?"

மேய்ச்சல் நிலத்திலிருந்து கொட்டில்வரை அரை மைல் சின்ன ரோடு. இரண்டு பக்கமும் வேலி. வேலி நெடுக அடுத்தவர் வயலுக்கும் வீட்டுக்கும் போகும் கடவுகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் கையை விரித்து நின்றால்தான் மாடு நேராகப் போகும். சாவுக்குப் போட்ட கறுப்புக் கோட்டும் மெருகேற்றிய ஷூவுமாக, தூறலில், அவர்கள் போய் நின்றார்கள். பிரீடா கோட்டுக்குக் கீழே ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, யார் யார் எங்கே என்று கை நீட்டிச் சொன்னாள். லிஸ்டன் அவன் வாசலில். தபால்காரன் கிணற்றடியில். பாதிரியாரைப் பள்ளிக்கூடச் சந்தில் நிறுத்தினாள். அவர் ஏற்கெனவே ஆசீர்வதிப்பதுபோலக் கையை விரித்துவைத்திருந்தார். ஹார்னெட் பெரிய ரோட்டு முனையில், லாரி வரவேண்டிய வழியை அடைத்துக்கொண்டு நின்றார்.

காளைகள் வந்தன. கொழுப்பில்லாத, துள்ளலான பருவம். ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, மூக்கில் ஆவி விட்டுக்கொண்டு, கறுப்புக் கோட்டுகளைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு கடந்தன. பிரீடா பின்னால் கோலோடு வந்தாள். கொட்டிலுக்குத் திரும்பும் வளைவுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. வளைவுக்கு முந்தின கடவில் ஆள் இல்லை.

பதினெட்டு காளைகள் வளைந்து கொட்டில் முற்றத்துக்குள் போயின. ஒன்று நின்றது, இடப்பக்கம் பார்த்தது, கடவு வழியாக இறங்கி ஆற்றங்கரை வயலில் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

அந்தக் கடவுக்கு ஆள் சொல்ல பிரீடா மறந்துபோயிருந்தாள். மறந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அதற்கு ஆள் சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லை. முப்பத்தொரு வருடமாக மாடு ஓட்டும்போதெல்லாம் சொல்லாமலே மாஸி அதில் போய் நின்றிருப்பான்.

ஹார்னெட் தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தச் சின்னக் கால்களோடு, வேலி தாண்டி மாட்டின் பின்னால் ஓடினார். லிஸ்டனும் ஓடினான். முற்றத்தின் இரும்புக் கதவை ஜோஸி சாத்திக் கொக்கி போட்டாள்.

பிரீடா கோலைச் சாய்த்துவைத்துவிட்டு நடந்து போய் அந்தக் கடவின் நடுவில் நின்றாள். ரோட்டைப் பார்த்தபடி இரண்டு கைகளையும் அகல விரித்தாள். ரோட்டில் ஒன்றும் வரவில்லை.

மாடு இந்த வழியாகத்தானே திரும்பி வரவேண்டும், நகர்ந்து நில் என்று சொல்ல ஜோஸி இரண்டடி முன்னால் வந்தாள். பிறகு சொல்லாமல், பள்ளிக்கூடச் சந்தில் நின்ற பாதிரியாரைப் பார்த்துக் கையைக் கீழே இறக்கலாம் என்று சாடை காட்டினாள். அவர் இறக்கினார். ஒவ்வொரு கடவிலும் ஒவ்வொருவராக இறக்கினார்கள். பிரீடாவின் கோட்டுக் கைகளில் தூறல் இறங்கி, விரல் நுனிகளில் சொட்டிக்கொண்டிருந்தது.