எர்வானின் லாரிக்கு ஒரு சுங்க எண்

கிளெமோவுக்கு என் பெண்டாட்டி மேல் ஒரு கண். இதைச் சொன்னால் எங்கள் படகுத்துறையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவன் டாம்சினுக்குக் கதவைத் திறந்து பிடிக்கிற விதத்தை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பார்க்கவில்லை.

இங்கிலாந்தின் கார்ன்வாலில் எங்கள் துறை சின்னது. ஐந்து படகுதான். கடலில் கூண்டு இறக்கி நண்டு பிடிப்பது ஆண். கரையில் எடை போட்டு விலை பேசி விற்பது வீட்டுப் பெண். வியாபாரம் அவள் பெயரில்தான் நடக்கும். என் அப்பன் காலத்திலும் அப்படித்தான். கிளெமோவின் மனைவி இறந்த பிறகு அவன் மட்டும் இரண்டு வேலையையும் பார்க்கிறான். காகிதம் எழுதுகிறான், பன்னும் சுடுகிறான். ஆம்பிளைக்கு எதற்குக் குங்குமப்பூ பன்?

நாங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகினோம். நானும் விலகத்தான் ஓட்டுப் போட்டேன். புத்தாண்டிலிருந்து சுங்கப் பதிவெண் இல்லாத வியாபாரியின் சரக்கு பிரான்சுக்குப் போகாது என்றார்கள். என் நண்டை இந்த ஊரில் எவன் வாங்குகிறான்? எல்லாம் எர்வானுடைய தண்ணீர்த் தொட்டி லாரியில் உயிரோடு பிரான்சுக்குப் போகிறது. லாரி என் நண்டை ஏற்றாவிட்டால் படகைக் கரையில் கவிழ்த்துப் போட வேண்டியதுதான்.

கிளெமோ எல்லோருக்கும் முந்தி எண் வாங்கிவிட்டான். மதுக்கடையில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நின்று சொன்னான்: "செவ்வாய்க்கிழமை நம்ம வீட்டு அடுப்படிக்கு வாங்கப்பா. கம்ப்யூட்டர்ல எல்லாருக்கும் போட்டுத் தர்றேன்."

"ஓட்டுப் போட்டப்ப வேண்டாம் வேண்டாம்னு குதிச்ச, இப்ப வாத்தியாரா ஆயிட்டியா?" என்றேன்.

"நீ வீட்டைக் கொளுத்திட்ட ராசா, நான் வாளி தூக்கிட்டு வர்றேன்" என்றான். கடையே சிரித்தது. டாம்சினும் சிரித்தாள். அவள்தான் எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது சொல்லிவிட்டேன்: "அவன் அடுப்படியில நீ கால் வைக்கக் கூடாது."

"அப்போ எண்ணு யாரு வாங்குறது?"

"நான் பார்த்துக்கறேன்."

"நீயா? டி.வி. ரிமோட்டே உனக்கு எதிரி."

அடுத்த செவ்வாய்க்கிழமை, அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள். திரும்பி வந்தபோது அவள் கம்பளிச் சட்டையில் குங்குமப்பூ வாசம். அவள் அக்கா ஜென்மத்தில் பன் சுட்டதில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வாள் என்ற பயம்.

மறுநாள் வரி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். பாட்டுக் கேட்க வைத்தே கொன்றார்கள். கடைசியில் ஒரு பெண் வந்தாள். பெயர் என்ன என்றாள். ஹெட்லி பாஸ்கோ என்றேன். என்ன தொழில் என்றாள். நண்டு என்றேன். மேலே அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். ஒரு வாரத்தில் எண் வந்தது. அதைத் தொப்பிக்குள் மடித்து வைத்துக்கொண்டேன். டாம்சினிடம் மூச்சு விடவில்லை. லாரி வரும் நாளில் கிளெமோவின் முகத்துக்கு நேரே அதை எடுக்க வேண்டும், அவளும் பார்க்க வேண்டும் என்று இருந்தேன்.

ஜனவரியில் முதல் லாரி வந்தது. நண்டுகளுக்குக் கொடுக்கு நரம்பை நறுக்கிப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தேன். நறுக்காவிட்டால் தொட்டிக்குள் ஒன்றை ஒன்று கிழித்துவிடும். எர்வான் இறங்கி, டாம்சின் எழுதிய விற்பனைச் சீட்டை வாங்கினான்.

"சுங்க எண் இருக்கா கேப்டன்?"

தொப்பியைக் கழற்றி எடுத்துக் கொடுத்தேன். கிளெமோ பார்த்துக்கொண்டுதான் நின்றான். எர்வான் அதைத் துறைமுக ஏஜெண்டுக்குப் போனில் படித்துக் காட்டினான். பிறகு சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"கேப்டன், விக்கிறது டாம்சின் பாஸ்கோன்னு இருக்கு. எண்ணு உங்க பேர்ல இருக்கு. ரெண்டும் ஒத்துப் போகல. இப்படி ஏத்துனா கப்பல்லயே விடமாட்டாங்க."

"அவ என் பெண்டாட்டிடா!"

"அது எனக்குத் தெரியும். சுங்கத்துக்குத் தெரியாதே."

கிளெமோ வாயைத் திறந்தான். "நான் அப்பவே சொன்னேன், யாரு விக்கிறாங்களோ அவங்க பேர்ல..."

"நீ பேசாதே!" என்றேன்.

டாம்சின் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எர்வானிடம் நீட்டினாள். "இது என் பேர்ல இருக்குற எண்ணு. இதைப் படிச்சுச் சொல்லுப்பா."

ஏஜெண்டு சரி என்றான்.

"அவன் அடுப்படிக்குப் போனியா?" என்று கேட்டேன். எர்வான் காதில் விழும்படியே கேட்டேன்.

"போனேன். பன்னும் தின்னேன். ரெண்டு. நல்லா கேட்டுக்க, ரெண்டு பன்னு."

"நான் வேண்டாம்னேன்ல?"

"உன் பொறாமையை அந்தத் தொட்டியில போட முடியுமா? போட்டா பிரான்சுக்காரன் காசு தருவானா? பெட்டியைத் தூக்குய்யா, நண்டு சாகுது."

பெட்டிகள் வெகுநேரமாகத் தண்ணீருக்கு வெளியே இருந்தன. மேலே கிடந்த நண்டுகள் நுரை தள்ளிக்கொண்டிருந்தன. அவன் அடுப்படியில் வாங்கிய எண்ணில் என் நண்டு போவதா என்று ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு தூக்கினேன். கிளெமோ கை கொடுக்க வந்தான். தோளால் தள்ளிவிட்டேன். ஒரு பெட்டியைக்கூட அவன் தொடவில்லை. ஆனால் தொட்டி ஒன்றுதான். என் நண்டும் அவன் நண்டும் ஒரே தண்ணீரில் போயின.

லாரி போன பிறகு டாம்சின் சொன்னாள்: "இதோட முடியல. ஒவ்வொரு லாரிக்கும் கால்நடை டாக்டர் சான்றிதழ் வேணுமாம். செவ்வாய்க்கிழமை தோறும் கிளெமோ வீட்டுக் கம்ப்யூட்டர்ல உக்காந்துதான் அதுக்கு மனுப் போடணும்."

"செவ்வாய்க்கிழமை தோறுமா?"

"ஆமா."

"நானும் வர்றேன்."

"வா. வாயை மூடிட்டு வா."

போனேன். அவன் அடுப்படி மேசையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் மூன்று நாற்காலி போட்டிருந்தான். நடுவில் இருந்ததில் நான் உட்கார்ந்தேன். திரை எனக்குத்தான் நேரே தெரிந்தது, ஒரு எழுத்தும் புரியவில்லை. அவர்கள் இரண்டு பேரும் என் தலைக்கு மேலாகப் பேசிக்கொண்டார்கள். நான் நகரவில்லை. கிளெமோ எனக்கும் ஒரு பன் வைத்தான். நன்றாகத்தான் இருந்தது. அதை அவனிடம் நான் சொல்லப் போவதில்லை.