ஆல்பிரெக்ட் கிண்டிய சாலட்

ஆல்பிரெக்ட் முப்பத்தெட்டு வருஷம் தொழிற்சாலையில் பல்சக்கரம் அளந்தவன். ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் அவனுக்குச் சமையல் ஆசை வந்தது. ஞாயிறு மதியம் அக்கா வால்புர்கா சாப்பிட வருகிறாள், உருளைக்கிழங்கு சாலட் என் பொறுப்பு என்று மனைவி கெர்லிண்டேயிடம் அறிவித்தான். அவள் சரி என்று மட்டும் சொன்னாள். முட்டையை வேகவைக்கவே கடிகாரத்தை இரண்டு தடவை பார்க்கிற ஆள். பார்ப்போமே.

சனிக்கிழமை அவன் கடையிலிருந்து வந்து பையை மேஜைமேல் வைத்தபோதே அவள் கவனித்துவிட்டாள். கிழங்குப் பையில் நீலப் பட்டை. வெந்ததும் மாவாக உதிர்கிற கிழங்கு அது, மசிக்கத்தான் லாயக்கு. சாலட்டுக்குப் பச்சைப் பட்டை வேண்டும் என்பது தென் ஜெர்மனியின் இந்த ஸ்வாபியாவில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கடை மூட இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. கெர்லிண்டே பையை எடுத்துப் பரணுக்குக் கீழே வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு காலை அவன் தராசு, வெப்பமானி, அளவுக் குவளை எல்லாவற்றையும் வரிசையாக வைத்தான், ஏதோ ஆபரேஷன் செய்யப்போகிறவன் மாதிரி. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்துக்கொண்டாள். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. வெந்த கிழங்கை அவன் பச்சைத் தண்ணீரில் போட்டு ஆறவைத்தான். சூடு விரலில் பட்டுவிடுமாம். நாற்பது வருஷமாக ஆவி பறக்கிற கிழங்கைத் தோலுரித்த தன் விரல்களை அவள் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அடுப்பில் அவள் வைத்த மாட்டெலும்பு சூப் மணத்துக்கொண்டிருந்தது; சாலட் கிழங்கு குடிக்க வேண்டியது அதைத்தான். அவனோ பொட்டலத்திலிருந்து ஒரு சூப் கட்டியை எடுத்து வெந்நீரில் கரைத்தான். அதைக் கிழங்கில் ஊற்றுவதற்கு முன்னாலேயே எண்ணெயை ஊற்றினான். எண்ணெய் பூசின கிழங்கு சூப்பை எப்படிக் குடிக்கும்? அவன் நறுக்கிப்போட்ட வில்லைகள் கரண்டி பட்ட இடமெல்லாம் உடைந்தன. வினிகர், கடுகு விழுது, வெங்காயம் எல்லாம் கிராம் கணக்கில் விழுந்தன. கடைசியில் கிண்ணத்தில் இருந்தது குழந்தைக்கு ஊட்டுகிற கூழ். அதைச் சுற்றி மஞ்சளாக ஒரு குட்டை.

அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இத்தனை வருஷம், சாலட்தானே, பத்து நிமிஷ வேலை என்று சொன்ன வாய் அது.

வால்புர்கா பன்னிரண்டரைக்கு வந்தாள். காது கொஞ்சம் மந்தம், நாக்கும் அப்படித்தான் என்பது கெர்லிண்டேயின் நெடுநாள் அபிப்பிராயம். இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா பண்றது இப்படித்தான்டா இருக்கும்," என்றாள் தம்பியைப் பார்த்து. "இந்த வீட்ல இன்னிக்குத்தான் கெடைச்சிருக்கு."

கெர்லிண்டே தட்டைப் பார்த்துச் சிரித்தாள். மாமியார் சமைத்ததை அவளும் சாப்பிட்டிருக்கிறாள். அதனால் அதை மறுக்கத் தோன்றவில்லை. ஆல்பிரெக்ட் சிரிக்கவில்லை. முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"இல்லக்கா, நல்லா இல்ல. கெழங்கே தப்பு," என்றான். பிறகு கெர்லிண்டே பக்கம் திரும்பினான். "உனக்கு நேத்தே தெரியும். பையைப் பாத்த. இன்னிக்குக் காலைல பூரா அங்கயே உக்காந்து நான் கெடுக்கறத ரசிச்ச."

"நீ கேக்கல," என்றாள் அவள்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

அவள் தட்டிலிருந்த கூழை முள்கரண்டியால் ஓரமாக ஒதுக்கினாள். வால்புர்கா என்ன, என்ன என்று இரண்டு பேரையும் மாறி மாறிக் கேட்டாள். யாரும் திருப்பிச் சொல்லவில்லை. அவள் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவன் கெர்லிண்டேயை ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு தானே பச்சைப் பட்டைப் பை வாங்கிவந்தான். அதற்கடுத்த ஞாயிறு எலும்பு வாங்கி வேகவைத்தான். மூன்றாம் வாரம் விரலைச் சுட்டுக்கொண்டு, குழாயடியில் பிடித்துக்கொண்டு, மறுபடி வந்து உரித்தான். அவள் ஜன்னலோரத்திலேயே இருந்தாள். ஒவ்வொரு வாரமும் ரசிக்க ஏதோ ஒரு தப்பு கிடைத்தது. ஆனால் தப்பு குறைந்துகொண்டே வந்தது.

நாலாவது ஞாயிறு அவன் கிளறும்போது கிண்ணத்திலிருந்து சளக் சளக்கென்று ஈரமாகச் சத்தம் வந்தது. அந்தச் சத்தம் வந்தால் சாலட் பதமாகிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. செய்தித்தாளைப் பிடித்திருந்த அவள் கை அப்படியே நின்றது. கிழங்கு முழுசாக, சூப்பைக் குடித்துப் பளபளத்தது. கை பொறுக்கும் சூட்டில் இருந்தது. அவன் அவளுக்குப் பரிமாறினான். அவள் வாயில் வைத்தாள்.

நன்றாக இருந்தது. தன்னுடையதைவிட நன்றாக இருக்கிறதோ என்ற எண்ணம் வந்ததும் அதை அப்படியே விழுங்கினாள்.

"உப்பு போதல," என்றாள்.

அவன் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தான். நிதானமாக, அளந்து பார்க்கிறவனைப் போல மென்றான்.

"போதும்," என்றான். "உனக்கு வேணும்னா போட்டுக்கோ."

உப்புக் குப்பியை அவள் பக்கம் தள்ளிவிட்டு அவன் தன் தட்டுக்குத் திரும்பினான். சொன்ன சொல்லுக்காக அவள் குப்பியை எடுத்து இரண்டு தடவை நன்றாக உதறினாள். கரித்தது. அவன் பார்க்கவேயில்லை. பசியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் கரிப்பைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கடைசி வில்லைவரை தின்று தீர்த்தாள்.